நான்காம் கேள்வி

"தாங்குவதை எல்லாம் அழி,
அந்த இடத்தில் அம்புக்குறி போடு."
டாக்டர் கோ இதைச் சொல்லத் தொடங்கி ஒன்பது வாரம்.
உத்தரம் என்றால் விடை என்றும் பொருளாம்;
எனக்கு இரண்டுமே வளைகின்றன.

ஜூரோங் வெஸ்ட், பதினோராம் மாடி, ஞாயிறு மாலை.
சமையலறைச் சன்னலுக்கு வெளியே
ஒரு முனை மட்டும் குழாயில் செருகிய மூங்கில் கழி.
நுனியில் தம்பியின் ராணுவச் சட்டை
சொட்டிக்கொண்டிருக்கிறது.

எடை பெருக்கல் தூரம்.
சட்டையைச் சுவர்ப்பக்கம் இழுத்தேன்.
கழி அரை அங்குலம் நிமிர்ந்தது.
டிக் போட ஆளில்லை.

எட்டு மணிக்கு
ஈரம் காயாமலே அதை மடித்துப் பையில் திணித்து
முகாமுக்குப் பஸ் ஏறிவிட்டான் தர்வின்.

சட்டை தொங்கியபோதும் கூட்டுத்தொகை சுழியம்,
இப்போதும் சுழியம்.
நான்காம் கேள்வி அப்படியே கிடக்கிறது.
கழியை இன்னும் உள்ளே எடுக்கவில்லை.