ஆயிரத்து ஏழு

ஜுபைல். கடலைக் குடிதண்ணீராக்கும் ஆலை.
இரவு இரண்டு மணிக்கு
பழைய பெட்டியிலிருந்து புதிய பெட்டிக்கு
ஒரு நிரலைக் குடிமாற்றிக்கொண்டிருந்தேன்.

அதற்கு வயது இருபத்திரண்டு. மொழி சி.
ஏழாம் பம்பின் அழுத்தத்தைக் கேட்டுக் கேட்டு
நிமிடத்துக்கு ஒரு வரி எழுதிவைக்கும்
கணக்குப்பிள்ளை வேலை.

கம்பைலர் ஒரு குறையும் சொல்லவில்லை.
ஓடு என்றேன்.
அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தது.

மொழி சுத்தமாக இருந்தால் போதும் என்று
கல்லூரியில் நம்பியிருந்தேன்.
அரைப்புள்ளி, அடைப்புக்குறி, எல்லாம் அதனதன் இடத்தில்.
எழுது என்றால் எழுதிவிடும்.
எங்கே எழுதுகிறது?
எந்த மொழிக்கும் கை கிடையாது, வாய்தான்.
வட்டைத் தொடுவதும் திரையைத் தொடுவதும்
கம்பி வழியே பம்பின் நாடி பிடிப்பதும்
இயங்குதளம் ஒன்றே.
மற்றவர்கள் மனு எழுதுகிறோம்.

இது எனக்கு உறைத்த இடம்
ஜவாசாத் ஆபீசுக்கு எதிரே
அவறானின் டைப்பிங் சென்டர்.
நான் தமிழில் நினைத்து ஓட்டை இந்தியில் சொல்ல
அவன் மலையாளத்தில் முணுமுணுத்தபடி
அரபியில் அடித்து நீட்டுவான்.
வலமிருந்து இடமாக ஓடும் என் அவசரம்.
என்ன எழுதியிருக்கிறாய் என்றால்
‘நீ சொன்னதுதான்’ என்பான்.
கையெழுத்து மட்டும் என்னுடையது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாள் போகும்,
நான் இந்தப் பக்கம் டோக்கனோடு நிற்பேன்.

ரோமெல் காபியோடு வந்து எட்டிப் பார்த்தான்.
‘பைத்தானில் பத்தே வரி. இதைத் தூக்கிப் போடு.’
போடலாம்.
பத்து வரிக்கு அடியில் பைத்தான்,
பைத்தானுக்கு அடியில் இதே சி,
அதற்கும் அடியில் அதே கண்ணாடி ஜன்னல்.

சி-யின் கதைதான் வேடிக்கை.
ஜன்னலுக்கு உட்புறத்தைக் கட்டவென்றே வந்த கொத்தனார்.
கட்டி முடித்த பிறகு
வெளியே வரிசையில் நில் என்றார்கள்.
இந்த ஊரில் அது பெரிய செய்தி இல்லை.

வரி 212-இல் ஒரு குறிப்பு,
ஆங்கில எழுத்தில் தமிழ்:
‘இதத் தொடாத. ஏன் ஓடுதுன்னு எனக்கே தெரியாது. திரவியம்.’
தனியாகச் சிரித்தேன்.

கோப்பு யாருடையது என்று கேட்டேன்.
பழைய பெட்டி திரவியம் என்றது.
புதியது 1007 என்றது.

இயங்குதளத்துக்கு உள்ளே எல்லோரும் எண்தான்.
பெயர், நம் கண்ணுக்காக
கதவில் ஒட்டிய சீட்டு.
ஆளை நீக்கினால் சீட்டு உதிர்கிறது.
அவன் வைத்துவிட்டுப் போனதெல்லாம்
எண்ணைப் பிடித்தபடி அங்கேயே கிடக்கிறது.

இரவுப் பணியில் இருந்த ஃபோர்மேன் இஸ்ஸுதீனுக்குக்
கொஞ்சம் ஞாபகம் இருந்தது.
‘ஒல்லியா இருப்பான். தயிர் மட்டும் சாப்பிடுவான்.
ஃபைனல் எக்சிட்ல போனான்.’
எந்த ஊர் என்று தெரியவில்லை.

என் இகாமாவை எடுத்துப் பார்த்தேன், எதற்கென்று தெரியாமல்.
என் பெயரை வங்கியில் ஒரு மாதிரி,
சிம் கடையில் ஒரு மாதிரி,
ஆஸ்பத்திரியில் வேறொரு மாதிரி எழுதுவார்கள்.
பத்து இலக்கத்தை ஒருவரும் தப்பாக எழுதியதில்லை.

விதிப்படி, பம்பின் பெயரில்
ஒரு பயனரைத் திறக்க வேண்டும்.
எண்: 1007.
பெயர்? என்று துடித்துக்கொண்டிருந்தது கர்சர்.
திரவியம் என்று அடித்தேன்.
விசா கேட்கவில்லை. ரத்தப் பரிசோதனை கேட்கவில்லை.
சரி என்றுகூடச் சொல்லாமல்
அடுத்த வரிக்குப் போனது.

நாலு பத்துக்கு முதல் வரி விழுந்தது:
பம்பு 7. அழுத்தம் 63. கடல் 29 டிகிரி.
பிறகு நாலு பதினொன்று.
பிறகு நாலு பன்னிரண்டு.

212-க்குக் கீழே
‘எனக்கும் தெரியாது’ என்று சேர்த்து மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை தணிக்கைக்கு வருகிறவர்
யார் இந்தத் திரவியம் என்பார்.
ஏதாவது யோசித்து வைக்க வேண்டும்.