மறுகா

சம்மாந்துறை அரிசி ஆலையில்
உமித்தூசி குடித்த கணினிக்குள்
ஒரு வன்தட்டு.
எழுதியாச்சா என்று கேட்டால்
கேள்வி முடியுமுன்னே
ஆச்சு என்னும்.

அதுதான் சிக்கல்.
எந்தத் தட்டும் அவ்வளவு சுறுக்காய் எழுதாது.

கரண்ட் போகும். ஆலை நிற்கும்.
மறுகா வரும்போது
மூன்று லோட் நெல்லின் நிறையைக் காணோம்.
"ஆதம்போடியார்ர நெல்லெங்க புள்ள?" என்று
உதுமாலெவ்வை முதலாளி கேட்டபோது
எல்லாப் பார்வையும்
பில் போடுகிற ஹில்மியாவின் மேல்.
அவள் அழவில்லை.
"நான் போட்டன்" என்றாள்.
இரண்டு தரம்.

நான் நம்பினேனா? இல்லை.
பிழையொன்றும் இல்லையென்று
நொடிக்கணக்கோடு எழுதி வைத்திருந்தது கணினி.
இரும்பை நம்புவது எனக்குச் சுலபம்.

பிறகொரு வெள்ளி, ஜும்மாவுக்கு ஆலை பூட்டியிருக்க,
ஒன்று இரண்டு மூன்றென்று எண்களை எழுதவிட்டு
மெயின் சுவிட்சைக் கையால் இழுத்தேன்.
நூறு தரம்.
பதினேழு தரம் கடைசி எண்கள் போன இடம் தெரியாது.
பதினேழு தரமும் ஆச்சு, ஆச்சு.

பொய் என்று சொல்லலாமா, தெரியவில்லை.
வாங்கி மடியில் கட்டியதை
பெட்டகத்தில் வைத்ததாய்ச் சொல்கிறது.
வேகப் பரீட்சையில் முதலாவது வருவதற்கு
எங்கோ ஒரு தொழிற்சாலையில்
யாரோ பழக்கிவிட்ட பதில்.

தட்டுக்குள்ளே என் கை எட்டாது.
எட்டுவது டிரைவருக்குள் இருக்கிற ஒரு பட்டியல்.
மாடல், பதிப்பு, பக்கத்தில் அதன் குறை.
கண்ணயர்ந்தால் எழும்பப் பத்து நொடி கேட்கும் ஒன்று.
முப்பத்திரண்டு வேலையை ஒன்றாய் வாங்கி
இரண்டாவதிலேயே குழம்பும் ஒன்று.
தன் நீளத்தை ஒரு செக்டர் கூட்டிச் சொல்லும் இன்னொன்று.
யார்யாரோ, எந்தெந்த ஊரிலோ,
எதையோ இழந்த இரவில் சேர்த்த வரிகள்.

பட்டியல் என்றால் எங்கள் பக்கம் வயிறு கலங்கும்.
பள்ளிக்கூட மைதானம். வரிசை.
பெயர் வாசிக்கப்பட்டவர்கள் ஒரு புறமாய்.
தலையாட்டுவதற்கும் இங்கே வேறொரு பொருள் உண்டு,
அதை விரிக்க மாட்டேன்.
இந்தப் பட்டியலில் பெயர் விழுந்த எதையும்
யாரும் ஏற்றிக்கொண்டு போவதில்லை.
இன்னதை இதனிடம் கேளாதே,
இன்னதை இரண்டு தரம் கேள்.
அவ்வளவுதான். வேலையில் இருக்கும்.

கல்முனைக்கு வந்து, வியர்வைச் சேட்டோடே
ஒரு வரி சேர்த்தேன்.
முதலில் அந்த மாடல் முழுவதற்கும் போட்டு
மறுகா அழித்தேன்.
இந்தப் பதிப்பு மட்டும்.
இதன் தம்பிமார் நேர்மையாய் இருக்கக்கூடும்.
இதன் மடியை மூடு.
ஆச்சு என்றாலும்
மறுகா வாசித்துப் பார்.

இப்போது தட்டு மெதுவாய் எழுதுகிறது.
பில் வரச் சுணங்குகிறது.
லொறிக்காரர் ஹோர்ன் அடிக்கிறார்கள்.
சனிக்கிழமை கரண்ட் போனது,
எல்லா நிறையும் இருந்தது.

ஹில்மியாவிடம் போய்ச் சொன்னேன்,
மடி, பட்டியல், பதினேழு, எல்லாம்.
கேட்டுக்கொண்டே ஒரு பில்லைக் கிழித்து
ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டு
"மெஷினுக்கு நூறு தரம் பாத்திருக்கீங்க" என்றாள்.
மறுகா ஒன்றும் சொல்லவில்லை.