செவ்வாயில் ஓடாதவள்

மரைன் டிரைவில் ஓடி ஓடி
வலது முழங்கால்
கதவுக் கீல் மாதிரிக் கத்தத் தொடங்கிய பிறகு
செவ்வாய்களைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டேன்.

தடாகத்தில் ஆறு வயதுப் பெடியன் ஒருவன்
என்னை முந்திப்போய்ச் சுவரைத் தொட்டுவிட்டுத்
திரும்பிப் பார்க்கிறான்.
நான் பத்துக் கிலோமீட்டர் ஓடுகிறவளடா
என்று சொல்ல
மூச்சில்லை.

வியாழனில் சுகிர்தாவின் சைக்கிள்.
தெஹிவளை மேம்பாலத்தில், பஸ் புகைக்குள்,
இத்தனை வருடம் சும்மா சம்பளம் வாங்கிய
தொடைத் தசையொன்று
முதன்முதலாய் வேலைக்கு வருகிறது.

ஞாயிறு, மறுபடி கடலோரம்.
பாணந்துறை ரயில் என்னைக் கடந்துபோகிறது.
முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை.

தோள்தான் முனகுகிறது,
புதிதாய்க் குடிவந்தவளைப் போல,
எந்தச் சுவரில் ஆணி அடிக்கலாம்
என்று கேட்டபடி.