கலப்பு உப்பு

ஆவியாக்கிக்குப் பின்னால் கிடக்கிறது
யாரும் வாங்காத உப்பு.
ஆறு கொட்டகை. நாலாவதில் பாதிக்குத் தகரம் இல்லை.
பனியன் துணி குடித்து மிச்சம் வைத்த
அத்தனை நிறமும் சேர்ந்து
எந்த நிறமும் ஆகாமல்
சாம்பலாய் இறுகியிருக்கும்.

காலை ஆறு மணிக்குக் காரம் பார்ப்பது,
டிடிஎஸ் பார்ப்பது, ஏட்டில் ஏற்றுவது என் வேலை.
பதினோரு வருஷமாக ஒரே எண்களை
வேறு வேறு தேதிகளில் எழுதுகிறேன்.

சித்திரையில் ஒருநாள்
உப்பின் முதுகில் இளஞ்சிவப்பு.
சாயம் ஒழுகிவிட்டதென்று
பிபின் நாயக் ஹோஸைத் தூக்கி வந்தான்.
பொறுப்பா என்றேன்.
முதலிபாளையத்துச் சிவப்பு எல்லாம் எனக்குத் தெரியும்.
இது அதில் இல்லை.
விரலில் ஒட்டவில்லை.
கொஞ்சம் நெகிழ்ந்தது, அவ்வளவுதான்.

காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒரு பிடி.
கோவை பஸ்ஸில் மடியோடு வைத்திருந்தேன்.
"என்னங்கம்மிணி, ஊறுகாயுங்களா?"
அவினாசி தாண்டும்போது கண்டக்டர் கேட்டார்.
உசுருங்க என்று சொல்லியிருக்கலாம்.
எனக்கே அப்போது தெரியாது.

மரகதமணியின் தட்டில்
பதினேழாம் நாள் ஒரு புள்ளி வந்தது.
உப்பு குறைந்தால் உடம்பு வெடித்துச் சாகுமாம்.
நல்ல தண்ணீர்தான் அதற்கு நஞ்சு.
பிபினின் ஹோஸ் ஞாபகம் வந்து
நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

பெராக்சைடில் அதன் சாறு ஒரு சொட்டு விட்டாள்.
குழாய் நிறைய நுரை பொங்கியது.
வெளுத்த துணியில் தங்கும் பெராக்சைடை
மூன்று தொட்டி வெந்நீர் விட்டு அலசுவோம்,
இல்லையென்றால் சாயம் பிடிக்காது.
மூன்று தொட்டியும் அந்த நுரையில்
மிச்சமாகிக்கொண்டிருந்தது.

அந்த நொதிக்கான மரபணுவைப் படித்தார்கள்.
நாலே எழுத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம்.
வெட்டி, சாதுவான வேறொரு கிருமிக்குள் வைத்ததும்
கோணலாய் மடிந்து சுருண்டது.
நான்கு முறை அப்படி.
ஐந்தாவதில் உப்பைக் கூட்டினாள். நிமிர்ந்தது.

பேரில் ஊரைச் சேர்க்கலாம் என்றாள்.
முதலிபாளையத்தை லத்தீனில் எப்படிங்க முடிப்பது?
அன்று சாயங்காலம் முழுக்க அதற்கே சிரித்தோம்.

இரண்டு வருஷம் கழித்து
வெளியூர்க் கம்பெனி ஒன்றின் நீல டிரம்
எங்கள் பக்கத்துச் சாயப்பட்டறைக்கு வந்து இறங்கியது.
லிட்டர் விலையைப் பார்த்தேன்.
அதன் கீழே:
குளிர்ந்த இடத்தில் வைக்கவும்.
வெயில் படக்கூடாது.

டிரம்முக்கு ஏசி போட்ட அறை கொடுத்திருக்கிறார்கள்.
எங்கள் ஆய்வகத்தில் ஃபேன்தான்,
அதுவும் இரண்டில் நின்றுவிட்டது.

ஐப்பசி மழை தகரம் இல்லாத பக்கமாய்ப் பெய்து
நாலாம் கொட்டகையைக் கரைத்துப் போனது.
தை முழுக்கச் சாம்பல். மாசியும்.
பிபின் தினமும் எட்டிப் பார்த்து
கையை விரித்துக் காட்டுவான்.

எங்கள் ஏட்டில் கடைசிக் கட்டத்துக்கு
'குறிப்பு' என்று பேர்.
நான் சேர்ந்த நாளிலிருந்து அது காலி.
பங்குனி ஒன்பது, காலை ஆறே கால்.
பேனாவை உதறி எழுதினேன்:
நா.கொ., வடக்கு மூலை,
ஒரு கட்டைவிரல் அகலம்,
சிவப்பு.