இருபத்தைந்தாம் தேதி, பகல் இரண்டு மணி

கோர்ட்டுக்கும் கிறிஸ்மஸ் லீவு உண்டு என்பது
வக்கீல் பேச்சித்தாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.
"நவம்பர்லயே வந்துட்டிய, நல்லது.
போன வருசம் ஒருத்தர்
இருபத்துநாலாந் தேதி வந்து நிக்காரு.
பூட்டுன கதவுட்டயா மனு குடுக்க முடியும்?"

நான் சொல்லவில்லை,
அதே இருபத்துநாலாந் தேதி
பெருமாள்புரத்தில் ஒரு கேட்டுக்கு முன்னால்
கேக் டப்பாவோடு நான் நின்றதை.
மாடியில் ஸ்டார் எரிந்தது.
வாசலில் ஒரு செருப்புக்கூட இல்லை.
பணகுடி பஸ்ஸில் திரும்பும்போது
டப்பாவைக் கண்டக்டரிடம் கொடுத்தேன்.
வள்ளியூர் வருவதற்குள் பாதியைத் தின்றுவிட்டு
"முட்டை போட்டதா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

நாலு தாள் எழுதிக்கொண்டு போயிருந்தேன்.
ஹெலன் என்ன சொன்னாள்,
அவள் அண்ணன் என்ன சொன்னான்,
எந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துச் சொன்னான்.
பேச்சித்தாய் மூன்றாம் தாள் வரை பொறுமையாகப் படித்தார்,
பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.
"இதெல்லாம் உங்க சங்கடம். நான் இல்லைங்கல.
ஜட்ஜம்மா கேக்கப் போறது தேதி.
கோவத்த எழுதாதீய, மணிய எழுதுங்க.
அரையாண்டு லீவு எத்தன நாளு?
எங்க வச்சு பிள்ளையக் கைமாத்தணும்?
பஸ் லேட்டானா எவ்வளவு நேரம் பொறுக்கணும்?
காலாண்டு, ஈஸ்டர், முழுப்பரீட்சை லீவு
எல்லாத்தையும் இப்பமே கேட்டுருவோம்.
வருசத்துக்கு வருசம் நீங்க அந்தக் கேட்டுல நிக்க முடியுமா?"

கேக்கைப் பற்றி யார் சொன்னார்களோ.
நாலாம் தாளில் நானேதான் எழுதியிருந்தேன்.

எனக்கு வேலை காத்தாடியில்.
எண்பது மீட்டர் ஏணி ஏறி
போல்ட்டை முறுக்கிவிட்டு இறங்க வேண்டும்.
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு.
கூட முறுக்கினால் முறியும், குறைந்தால் ஆடும்.
அதனால்தானோ என்னவோ
அவர் கேட்டது சீக்கிரம் பிடிபட்டது.

சமரச அறையில் மேசை சின்னது.
ஹெலன் டூட்டி முடித்து நேரே வந்திருந்தாள்,
கையில் டெட்டால் வாசம்.
விடிகாலை நாலரை ஆராதனை
தனக்கு வேண்டும் என்றாள்.
நானும் அதையே கேட்டிருந்தேன்.
"பெனிட்டா இந்த வருசம் கொயர்ல பாடுதா,"
அதை என்னிடம் சொல்லவில்லை,
பேச்சித்தாயிடம் சொன்னாள்.
எனக்குத் தெரியாது.
ஆறு மாதமாகப் பாடுகிறாளாம்.

ஒத்துக்கொண்டேன்.
இருபத்தைந்தாம் தேதி பகல் இரண்டு மணிக்கு
புதுப் பஸ்நிலையம், நாகர்கோவில் பஸ் நிற்குமிடம்.
முப்பதாம் தேதி மாலை ஐந்துக்கு
அதே இடத்தில் திரும்ப.
அரை மணி பொறுக்கலாம்.
அடுத்த வருடம் காலை எனக்கு, பகல் அவளுக்கு.
டைப்பில் பார்க்கும்போது
சரக்கு லாரி வந்துபோகிற நேரம்போல் இருந்தது.
ஆனாலும் மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.
அந்தச் சட்டையை அன்று துவைக்கப் போடவில்லை.

பணகுடியில் துணி எடுத்தேன், இளம்பச்சை.
டெய்லர் ஈசாக்கு அளவு கேட்டார்.
என் இடுப்புக்குக் கை வைத்துக் காட்டினேன்.
யோசித்துக் கையைக் கொஞ்சம் உயர்த்தினேன்.
"அண்ணாச்சி, கையைப் பாத்துத் தைக்க முடியாது."

மறுபடி வக்கீலுக்கு போன்.
அவர் சிரிக்கவில்லை.
எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஒருவரி அனுப்பினார்.
நாலு நாள் கழித்து
என் வாட்ஸப்பில் ஒரு போட்டோ.
மருந்துச் சீட்டில் ஹெலனின் கையெழுத்து:
நெஞ்சு இருபத்தைந்து, தோள் பதினொன்று,
நீளம் முப்பத்தொன்று.
கீழே கோடு போட்டு,
'கீழ் மடிப்பில் ரெண்டு இஞ்ச் விடச் சொல்லவும்.
வளர்கிறாள்.'

ஈசாக்கு போனைத் தள்ளிப் பிடித்துப் படித்தார்.
"யாரு எடுத்த அளவு? சுத்தமா இருக்கே."

"எதிர்மனுதாரர்" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை.
மேசையில் துணியை விரித்து
சாக்கட்டியைத் தேடினார்.