மாங்குளம் சந்தி, ஒன்று நாற்பது

கடிதம் மஞ்சள் உறையில் வந்தது.
இரவு பத்து மணிக்குப் பின்
சந்தியில் எந்தக் கடையும் திறந்திருக்கலாகாது.
கீழே ஒரு கையெழுத்து,
அதன்மேல் பாதி மட்டும் விழுந்த முத்திரை.
கல்லாவுக்குப் பின்னால்
லட்சுமி படத்துக்கும் சுகாதாரச் சான்றிதழுக்கும் நடுவில்
அதையும் ஒட்டிவைத்தேன்.
ஒளித்துவைத்தால்
பிழை செய்தவன் மாதிரி இருக்கும்.

என் வியாபாரம் பத்து மணிக்குத்தான் கண் விழிக்கும்.
பகலில் இந்தச் சந்தியில்
இரண்டு ஓட்டோ, ஒரு நாய், மிச்சமெல்லாம் வெயில்.
யாழ்ப்பாணத்தால் போகிற பஸ் பதினொன்றேகாலுக்கு.
கொழும்பால் வருகிறது ஒன்று நாற்பதுக்கு.
நித்திரை முகத்தோடு ஐம்பது பேர் இறங்குவார்கள்.
ஒருவருக்கு முட்டைக்கொத்து,
ஒருவருக்குப் பிளேன்ரீ, சீனி குறைவாக,
ஒரு பிள்ளைக்கு அவசரமாய் மூத்திரம்.
பின்பக்கக் கழிவறைக்கு நான் காசு வாங்கியதில்லை.
அங்கே போய் வருகிறவர்
வெறுங்கையோடு பஸ் ஏறமாட்டார்.

இப்போது பஸ் நிற்பது
மதவாச்சிக்கு அங்கால், பெரிய கடையொன்றில்.
குளிரூட்டி இருக்கிறதாம்.
கொத்துப் போடுகிற செல்வகாந்தனும் அங்கேதான் போய்விட்டான்.
போகும்போது தன் இரண்டு தகடுகளையும்
பழைய சாரத்தில் சுற்றிக் கொண்டுபோனான்.
ஒட்டுக்கடை யேசுரட்ணம்
டயர் வெடிக்கிறதெல்லாம் இரவில்தான் என்கிறான்,
பகலில் வெடித்தாலும் வேறெங்கோ வெடிக்கிறதாம்.
ஐஸ் கொண்டுவரும் பெடியன்
கிழமைக்கு ஒருநாள் எட்டிப்பார்க்கிறான்,
ஐஸ் விற்க அல்ல, பழைய பாக்கிக்கு.

ஊரடங்கு என்ற சொல்லை
இதற்கு நான் பாவிக்கமாட்டேன்.
அதைச் சொன்னால் என் மனைவி
இப்பவும் முதலில் விளக்கைத்தான் பார்ப்பாள்.
அது வேறு.
இது வெறும் வாடகை, லீசிங், காஸ் சிலிண்டர்,
பழுதாகப் போகிற கோவா.
இதற்குச் சாகமாட்டோம்.
ஆனால் மாதம் முடியாது.

தைப்பொங்கலுக்கு மறுநாள்
என் கடை வாசலில் ஒரு போத்தல் உடைந்தது,
பிறகு ஒரு மண்டை.
நான் சாராயம் விற்றதில்லை.
விற்றது சோடா, ஐஸ், ஈரல் பிரட்டல்.
கிளாஸ் கேட்டார்கள், கொடுத்தேன்.
கழுவித்தான் கொடுத்தேன்.
பொலிஸில் இதைச் சொன்னபோது
எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்,
பிறகு எழுதவில்லை.

சபைக்குப் போன மனுவில் முப்பத்தொன்பது பெயர்.
லிகிதர் தெரிந்தவர், காட்டினார்.
ஒன்பதாவது பவளராணி.
ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வீடு.
தினமும் எனக்கு நூற்றிருபது முட்டை கொண்டுவருகிறவள்.
பெயரை ஆறுதலாக, ஒவ்வோர் எழுத்தாக
அழுத்தி எழுதியிருந்தாள்.
அவள் புருஷன் இரண்டு மணிக்கு
எந்த வாசலிலிருந்து எழும்பி வீட்டுக்குப் போவான் என்று
எனக்குத் தெரியாதா?
அவனுக்கு நான் கொடுத்த கிளாஸ்கள்
எத்தனை என்று மட்டும் தெரியாது.

அடுத்தநாள் முட்டைத் தட்டோடு வந்தாள்.
நான் எண்ணினேன்.
அவள் நான் எண்ணுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.
"நாளைக்கு அறுபது காணும்" என்றேன்.
"கோழிக்கு ஆர் அண்ணை சொல்லுறது?" என்றாள்.
இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.
ஒருவரும் சிரிக்கவில்லை.
அவர் இப்ப நேரத்தோட வாறாரோ என்று கேட்க
வாய்வரை வந்தது.
அவள் கன்னத்தைப் பார்த்தேன்.
ஒன்றுமில்லை. வெறும் கன்னம்.
அது போதும் என்று நினைத்தேன்,
காசை எண்ணிக் கொடுக்கும்போது
போதாது என்றும் நினைத்தேன்.

ஒன்று நாற்பதுக்கு இப்போதும் முழிப்பு வரும்.
டிரைவர் வாமதேவன் பழக்கதோசத்தில்
பூட்டிய கடைக்கு நேரே வேகம் குறைத்து
இரண்டு தரம் ஹோர்ன் அடிப்பார்.
என் கொத்துச் சத்தத்தைவிட அது பெரிது.
அதற்கு இன்னும் ஒருவரும் மனு எழுதவில்லை.

நூற்றிருபதையும்தான் வாங்குகிறேன்.
ஏனென்று மனைவி கேட்கவில்லை.
மகள்தான் கோப்பையைத் தள்ளிவைக்கிறாள்:
"அப்பா, இன்டைக்கும் முட்டையோ?"