பத்தரை மணி ஷட்டர்

பாபுராவ் தெருவில் இருபத்திரண்டு அறை லாட்ஜ்.
கல்லாவில் நான், சம்பங்கி,
பதினெட்டு வருஷம் எல்லைப் படை.
இப்போது சாவிகளுக்குக் காவல்.

ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் ஊர்ப்பெயரை
மற்ற லாட்ஜ்களில் எழுத்துக்கூட்டி எழுதுவார்கள்.
எனக்குச் சில பெயர்களின் ஏற்றம் தெரியும்,
எந்த வளைவில் ஜீப் மூச்சு வாங்கும் என்பதும்.

பதினாலாம் அறையில் ரெபேக்கா, ஏழு வயதுப் பையன்.
அவன் கழுத்துத் தோல் நெஞ்சோடு ஒட்டிவிட்டது.
விழுந்த காசைத் தேடுகிறவன் மாதிரி
குனிந்தே நடக்கிறான்.
தொடைத் தோலை எடுத்து வைப்பார்களாம்,
மூன்று தவணை.

பதினேழில் கிட்னிக்கு வந்த பெரியவர், பர்மா பாஸ்போர்ட்.
இருபத்துநாலு மணி நேரத்துக்குள் போலீசுக்குப் படிவம் அனுப்பினேன்.
அவருடையது ஆற்றுக்கு அந்தக் கரை.
தீ வைக்க வந்தவர்களின் ஊர் இல்லை,
அதற்கு அடுத்த ஊர்.
அப்படித்தான் சொல்கிறார்.
பதிலுக்குப் போனவர்கள் வைத்த தீயில்
அதுவும் எரிந்தது.

மொட்டை மாடியில் ஒரே கொடிக்கயிறு.
பெரியவர் தன் லுங்கியை உருவிக்கொண்டு
கீழே இறங்கிய பிறகுதான்
ரெபேக்கா பக்கெட்டோடு படியேறுகிறாள்.
யாரும் சொல்லவில்லை.
தூண் இல்லை, டெண்டர் இல்லை, அரசாணை இல்லை.

நாங்கள் போட்டது டெண்டர் வேலி.
ஆற்றங்கரை சரிகிறது, தூணை ஒட்டிப் போட முடியாது,
நூற்றைம்பது கஜம் உள்ளே தள்ளு என்றார் இன்ஜினியர்.
எங்கள் பாலாறு மாதிரி மணலாகக் கிடக்கும் ஆறு இல்லை அது.
தள்ளினோம்.
பதினோரு வீடு வெளியே நின்றது,
தேசப்படத்துக்கு உள்ளே, வேலிக்கு வெளியே.

கேட் இருக்கிறதே என்றோம்.
காலை ஆறுக்குத் திறப்போம், மாலை ஆறுக்குப் பூட்டுவோம்.
ஆட்டுக்குச் சீட்டு, அரிசிக்குச் சீட்டு,
பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு
கழுத்தில் ஒரு சீட்டு.

வேலிக்கு உள்ளே இருந்த ஊர்கள்
அந்த வருஷம் எரியவில்லை.
அதையும் சொல்ல வேண்டும்.

செவ்வாய்க்கிழமை வாடகை கட்ட வந்தவள்
கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த படத்தைப் பார்த்தாள்.
தொப்பியும் மீசையுமாக நான்.
இந்தியில் பேசினோம்,
அவளுக்கும் எனக்கும் சொந்தமில்லாத மொழி.
'எந்த கேட்?'
நம்பர் சொன்னேன்.
'அன்றைக்கு ராத்திரி அங்கே லைட் எரிந்தது.
லைட்டைப் பார்த்துத்தான் ஓடினோம்.'
மீதிச் சில்லறையை எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டாள்.

அந்த மாதம் நான் லீவு.
அணைக்கட்டில் மச்சினன் கல்யாணம்,
பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றேன்.
லீவு பாஸ் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.
காட்டலாம்.

சாவி யாரிடம் இருந்தது என்பதும் தெரியும்.
நல்ல பையன், கூச்ச சுபாவம்.
திறக்கட்டுமா என்று வயர்லெஸ்ஸில் கேட்டான்.
இரு, மேலே கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.
மேலே கேட்டு, அதற்கும் மேலே கேட்டு,
உத்தரவு வர ஐம்பது நிமிஷம்.
நான் நின்றிருந்தாலும் ஐம்பது நிமிஷம்தான்.
இதைச் சொல்லிக்கொள்ளும்போதெல்லாம்
கடைசி வார்த்தையில் நாக்கு தடுக்குகிறது.

'பத்தரைக்கு ஷட்டரைப் போட்டுடணும்யா, சொல்லிட்டேன்,
திருட்டுப் பசங்க சுத்திக்கினு கீறானுங்க' என்பார் முதலாளி.
கொக்கியை மாட்டி இழுத்தால்
தடதடவென்று இறங்கி, கடைசியில் ஒரு இடி.
அந்த இடிக்குத்தான் பதினாலில் பையன் அலறுவான்.
எண்ணெய் விட்டேன். போகவில்லை.

இப்போது தரைக்கு ஒரு முழம் முன்னாலேயே நிறுத்திவிடுகிறேன்.
பூட்டு மேஜைமேல் இருக்கிறது.
வேலையை விட்டுத் தூக்குவேன் என்றிருக்கிறார் முதலாளி.

நேற்று நாய் ஒன்று அந்தச் சந்து வழியே நுழைந்து
செருப்புகளின் மேல் படுத்துக்கொண்டது.
ரிஜிஸ்தரைத் திறந்து
தேதியை மட்டும் எழுதினேன்.